சுளுக்கு எடுத்த கை

அப்பா இல்லாத முதல் வருடம் முடிந்து, இன்று இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் தெருக்காரர்களுக்கும் வணக்கம். "நல்லபடியா நாலு வார்த்தை எழுது. அழுது வடியாத" என்று அண்ணன் சொன்னார். அழாமல் எழுதிவிடலாம். பயப்படாமல் எழுத முடியாது. எங்கள் வீட்டில் அப்பாவைப் பற்றிப் பேசினால் பயத்தைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும்.

அப்பா பசுவந்தனைப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார்கள். தலைக்கு முன்னால் கால் வந்து பிறந்த பிள்ளையாம். அப்படிப் பிறந்தவர்கள் தொட்டு நீவினால் சுளுக்கு விலகும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. மழை பொய்த்துப் பொய்த்து, கடைசியில் கோவில்பட்டிக்கு வந்து கொத்தனார் ஆனார்கள். கரிசலில் வீடு கட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. மண் மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும், சுவரில் விரிசல் ஓடும். ஒரு சுவர் நூல் அளவு சாய்ந்தாலும் தூக்குக்குண்டு போடாமலே அப்பா சொல்லிவிடுவார்கள். வேலை முடிந்து வரும்போது கழுத்துப் பிடித்தவர், இடுப்புப் பிடித்தவர் யாராவது வாசலில் காத்திருப்பார்கள். அப்பா சிமெண்ட் கையைக் கழுவிவிட்டு, விளக்கெண்ணெய் தொட்டு நீவி அனுப்புவார்கள். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருடைய கழுத்து அந்தக் கைக்குப் பழக்கம்தான்.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது என் தலை இடப்பக்கம் சாயத் தொடங்கியது. காலையில் எழுந்ததும் மண்டை இடிக்கும். வாந்தி எடுத்ததும் தெளிந்துவிடும், பள்ளிக்கூடம் போய்விடுவேன். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார்கள். அவர்கள் சேலையில் ஒட்டி வரும் தீக்குச்சி மருந்து நெடிதான் பிள்ளைக்குக் குமட்டுகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கண் பட்டிருக்கும் என்று திருநீறும் போட்டார்கள். கழுத்துக்கு மட்டும் யாரிடமும் போக வேண்டியதில்லை. கைராசிக்காரர் வீட்டிலேயே இருந்தார்.

தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அப்பா என்னை முன்னால் உட்கார வைத்துக் கழுத்தை நீவினார்கள்.

"ஏட்டி, வலிக்கா?"

"இல்லப்பா, சுகமா இருக்கு."

அது பொய். வலி உச்சந்தலை வரை ஏறும். ஆனால் அப்பா என் பக்கத்தில் உட்காருவது அந்தக் கால் மணி நேரம்தான். வலிக்கிறது என்று சொன்னால் ஆஸ்பத்திரி, ஊசி என்று ஆகிவிடும் என்ற பயமும் இருந்தது. அது பொய் என்று அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. அண்ணனும் இதைப் படிக்கும்போதுதான் தெரிந்துகொள்வார். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது.

என் வகுப்பு டீச்சர்தான் ஒருநாள் வீட்டுக்கே வந்தார்கள். "அண்ணாச்சி, பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கிட்டுத்தான் போர்டைப் பாக்குது. நேரா நடக்க முடியல, சுவரைப் பிடிச்சுக்கிட்டு வருது. இது சுளுக்கு இல்ல. மதுரைக்குக் கொண்டு போங்க."

அப்பா தம் கையையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

மதுரையில் ஸ்கேன் எடுத்துவிட்டு, பின்மூளையில் கட்டி என்றார் டாக்டர். கட்டி என்றால் எங்களுக்குத் தெரிந்தது வெயில் காலத்தில் வரும் கட்டிதான். "பழுத்து உடைஞ்சிருமா சார்?" என்று அப்பா கேட்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. காகிதத்தில் மண்டையை வரைந்து காட்டினார். கட்டி தண்ணீர் போகும் வழியை அடைக்கிறது, அதனால்தான் காலையில் தலைவலியும் வாந்தியும், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று விளக்கினார். அப்பா கேட்ட அடுத்த கேள்வி: "நான் தேய்ச்சதாலயா சார் வந்துச்சு?" "இல்ல. யார் தேய்ச்சும் இது வராது. நாள்தான் கடந்து போச்சு" என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தையில் பின்பாதியை மட்டும் அப்பா எடுத்துக்கொண்டார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும், இது புற்றுநோய் வகை, கரண்ட் வைக்க வேண்டும் என்று வார்டில் சொன்னார்கள். கதிர் சிகிச்சைக்கு அங்கே அதுதான் பெயர். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் மோட்டார் வயரைத் தொட்டு, அப்பா கண் முன்னாலேயே செத்துப்போனவர். அதனால் மெஷின் அறை வாசலில் அப்பா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

"முதல்ல எனக்கு வைங்கம்மா. தாங்குதான்னு பாத்துட்டுப் பிள்ளைக்கு வைங்க."

அந்த மெஷின்காரம்மா அப்பாவை உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார். "இது ஷாக் அடிக்கிற கரண்ட் இல்லய்யா. கண்ணுக்குத் தெரியாத கதிர். எக்ஸ்ரே எடுத்தா வலிக்குதா? அதே மாதிரி வைக்கும்போது வலிக்காது. பிறகு முடி கொட்டும், சோர்வா இருக்கும். பயப்படாதீங்க." பயப்படாதீர்கள் என்று எங்களிடம் சொன்னவர்கள் பலர். என்னவென்று சொல்லிப் பயத்தைக் குறைத்தவர் அவர்.

ஆறு வாரம் அங்கே இருந்தோம். எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கும் என்னைப் போலத்தான். எந்த ஜன்னலில் சீட்டு வாங்குவது, குமட்டும்போது எதைக் கரைத்துக் கொடுப்பது, தூரத்து ஊர்க்காரர்களுக்குத் தங்க இடம் கொடுப்பது யார் என்பதெல்லாம் அந்த அம்மாதான் எங்களுக்குச் சொன்னது. ஒரு திங்கட்கிழமை அவர்கள் கட்டில் காலியாக இருந்தது. அப்பா என்னை வேறு வழியாக அழைத்துப் போனார்கள். எதற்கு இப்படிச் சுற்றுகிறோம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

ஊருக்கு வந்த பிறகு அப்பா யாருக்கும் சுளுக்கு எடுக்கவில்லை. "இந்தக் கை இனிமே வேண்டாம் அண்ணாச்சி" என்று பெரியவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சின்னப் பிள்ளையைக் கூட்டி வந்தால் மட்டும் உட்கார வைத்துக் கேட்பார்கள். "காலையில தலை வலிக்கா? வாந்தி வருதா? நடக்கையில தள்ளாடுதா? கண்ணு ரெண்டு ரெண்டா தெரியுதா?" ஆமாம் என்றால் வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே மதுரைக்கு ரயில் ஏறுவார்கள். பல பிள்ளைகளுக்கு ஒன்றும் இருக்காது. ஒரு பிள்ளைக்கு இருந்தது. அது பிழைத்து, இன்று இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. இன்னொன்று பிழைக்கவில்லை. அந்த வீட்டுக் கருமாதிக்குப் போய், இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்து வந்தார்கள்.

என்னைத் தினமும் நிலைக்கதவுக்கு நேரே நிற்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்கள். "வேணும்னா தூக்குக்குண்டு போட்டுப் பாருங்கப்பா" என்று கேலி செய்வேன். அப்பா ஒருநாளும் சிரித்ததில்லை. வருடா வருடம் ஸ்கேனுக்குப் போகும் முன் அவர்களுக்குச் சோறு இறங்காது. எனக்குத் தலைவலி வந்தால் மறைத்துவிடப் பழகியிருந்தேன். பிறகு அந்தப் பழைய பொய் நினைவுக்கு வந்து, பயந்து, ஓடிப் போய்ச் சொல்லிவிடுவேன். தலையைப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள். கழுத்தை மட்டும் தொடவே மாட்டார்கள்.

சிமெண்ட் தூசியில் கெட்டுப்போன நெஞ்சு கடைசியில் அப்பாவைக் கட்டிலில் போட்டது. போவதற்கு மூன்று நாள் முன்னால், மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்கள்.

"அன்னைக்குத் தேய்ச்சப்போ வலிச்சுதாட்டி?"

"இல்லப்பா. சுகமாத்தான் இருந்துச்சு."

"இப்பவும் பொய் சொல்லுதே. கைக்குத் தெரியாதா? சுளுக்குன்னா நரம்பு உருளும். உனக்கு உருளல. நாலாம் நாளே தெரிஞ்சிட்டு. வேற என்னவா இருக்கும்னு நினைக்கவே பயமா இருந்துச்சு. அதான் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன்."

குனிந்து என் கழுத்தை அவர்கள் கைக்குப் பக்கத்தில் கொண்டு போனேன். இத்தனை வருடம் கழித்து அந்தக் கையை வைத்தார்கள். நீவவில்லை, வைத்திருந்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்த டீச்சருக்கும், மண்டையை வரைந்து காட்டிய டாக்டருக்கும், மெஷின் அறை அம்மாவுக்கும், மகளை இழந்தபின் எங்கே போனார் என்று தெரியாத எட்டயபுரத்து அம்மாவுக்கும், அப்பா மதுரையில் இருந்த நாட்களில் அம்மாவுக்குத் துணை இருந்த தெருவுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடன்பட்டது.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளையின் தலை சாய்ந்தால், காலையில் வாந்தி எடுத்தால், எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சுளுக்கு எடுக்க இங்கே யாரும் இல்லை. மதுரைக்குக் கூடவே வர நான் இருக்கிறேன். பயமாக இருந்தால் பயத்தோடே வாருங்கள், நாள் மட்டும் கடத்தாதீர்கள்.