தினமும் காலையில் அடிக்க வேண்டிய வரி

என் ஓரகத்தி அந்த வரியை நின்றுகொண்டேதான் அடிப்பாள். உட்காரக்கூட மாட்டாள். குளித்த ஈரத்தலையில் சுற்றிய துண்டோடு ஒவ்வொரு பெட்டியாகப் போவாள், குனிவாள், தட்டுவாள், அடுத்த பெட்டிக்கு நகர்வாள். அவ்வளவுதான். அதுவரை முக்கி முனகிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் அதற்கப்புறம் பறக்கும். வாசல் தெளித்துக்கொண்டே என் மாமியார் இதைத் தினமும் பார்ப்பார். "சின்னவ கை வெச்சா போதும், பொட்டி இன்னா சோக்கா ஓடுது பாரு" என்பார், என் காதில் விழட்டும் என்றே.

விழுந்தது. வயிறு எரிந்தது. இதற்கு நாசூக்காக வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது. பொறாமைதான். காலையில் பல் தேய்க்கும்போதே ஆரம்பித்துவிடும்.

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் பிரவுசிங் சென்டர். அதை உண்டாக்கியவள் நான். ஏதோ ஒரு ஷிப்பிங் ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர்களை என் வீட்டுக்காரர் மீன்பாடி வண்டியில் போட்டுக்கொண்டு வந்து இறக்கியபோது, "இந்தக் கலீஜ எங்க வெக்கிறது?" என்றுதான் மாமியார் கேட்டார். துடைத்து, திருகி, உயிர் கொடுத்தது நான். எங்கள் பக்கம் கடற்காற்றில் உப்பு. மாதம் ஒருமுறை மெமரி அட்டையைக் கழற்றி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் அதன் பல்லைத் தேய்க்காவிட்டால் பெட்டி கூவிக்கொண்டே இருக்கும், எழாது. யாரும் சொல்லித் தந்ததில்லை. டைப்ரைட்டிங் ஹையரும் ஆறு மாத டிப்ளமோவும்தான் என் படிப்பு. ஆனால் அந்த அறையில் வருகிறவன் போகிறவன் எல்லாம் என்னை "மேடம்" என்பான். நடுக்கதவைத் தாண்டி உள்ளே போனால் நான் வெறும் "இன்னாமே".

என் கொழுந்தன் பெண்டாட்டியாக இவள் தை மாதம் வந்தாள். ராயபுரத்துப் பெண், கம்ப்யூட்டரில் டிகிரி. அவள் வந்த நேரமா என்னவோ, அதுவரை அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியாருக்கு முட்டி வலி முற்றிவிட்டது. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டு மருமவ கீறீங்க. ஆவணி பொறந்தா ஒருத்தி கடைல குந்தட்டும், ஒருத்தி அடுப்பாண்ட வரட்டும். யாரு எங்கன்னு நான் பாத்துச் சொல்றேன்."

பார்த்துச் சொல்கிறாராம்! நான் உண்டாக்கிய கடைக்கு நானே பரீட்சை எழுத வேண்டும். அன்றிலிருந்து அந்த அறையில் என் ஓரகத்தி செய்த ஒவ்வொன்றையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன்.

எங்கள் பெட்டிகளில் வைரஸ் தொல்லை. எவனாவது ஒரு ஃப்ளாப்பியைச் செருகுவான், மறுநாள் ஐந்து பெட்டியும் படுத்துக்கொள்ளும். "விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போட்டுடலாங்கா, வைரஸ் அண்டாது" என்று இவள் சொல்லி, அவளே போட்டாள். போட்ட பிறகு பெட்டிகள் ஆமையாகிவிட்டன. ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். வாடிக்கையாளர்கள் தேரடிப் பக்கத்துச் சென்டருக்கு நடையைக் கட்டினார்கள். கடை காலியாகக் கிடந்தது, எனக்கோ உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. மாட்டினாளா மகராசி!

அவள் மாட்டவில்லை. நாலைந்து நாள் எதையோ படித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அந்த வரியை அடித்தாள். 'எச்டிபார்ம்' என்று தொடங்கும் ஒரு வரி. ஹார்ட் டிஸ்கின் வேகத்தை அளந்து காட்டினாள்; மூன்று என்று நின்ற எண் பதினைந்தைத் தாண்டியது. என்னடி செய்தாய் என்று கேட்க வாய் வரவில்லை. அவளே சொன்னாள்.

"பழைய போர்டுன்னா கெர்னல் பயப்படுதுங்கா. டிஸ்க்ல இருக்கிறத ஒவ்வொரு கொடமா பிராசஸரே தூக்கினு வருது. இந்த செட்டிங்கப் போட்டா பைப் போட்ட மாதிரி டிஸ்க்லேர்ந்து நேரா மெமரிக்குப் போவும்."

கெர்னல் என்பது லினக்ஸின் உள்ளே உட்கார்ந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் வேலை வாங்கும் பகுதி. நம் வீட்டில் மாமியார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு எங்கள் பழைய பெட்டிகள்மேல் நம்பிக்கை இல்லை, அதனால் மெதுவாகவே போ என்று பிடித்துவைத்திருந்தது. அந்த வரி அதன் பிடியைத் தளர்த்தும். ஆனால் பெட்டியை அணைத்தால் எல்லாம் மறந்துபோகும். மறுநாள் திரும்ப அடிக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனாலும் அப்படித்தான், எங்கள் பேட்டையிலோ கரண்ட் போகாத நாளே இல்லை. கரண்ட் வந்ததும் வீடே கத்தும்: "சின்னவ எங்க? சின்னவளக் கூப்புடு!"

பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் நான் நிற்பேன். என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அழைத்துப்போக ராயபுரத்திலிருந்து அவள் அம்மா வந்தார். நிம்மதியாக ஒரு மாதம் என்று நினைத்தேன். புறப்படும்போது என்னிடம் வந்தாள். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். பாஸ்வேர்டு, அந்த வரி, எங்கே இடைவெளி, எங்கே கோடு, எல்லாம். எதையும் ஒளிக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. என் கடையை எனக்கே விளக்குகிறாள்!

"அத்த வாசத் தெளிக்கிறப்போ அடிங்கக்கா, அவங்க பாக்கிற மாதிரி" என்றாள். "நாலாம் நம்பருக்கு மட்டும் வேணாம். அடிச்சா நின்னுடுது. அது போறபடி போட்டும்."

பார்க்கிற மாதிரி அடிக்க வேண்டுமாம். எத்தனை பவிசு! இதுதானா இவளுடைய சூட்சுமம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் அடித்தேன். வேண்டுமென்றே மாமியார் வாசலில் இருக்கும்போதுதான். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். பெட்டிகள் பறந்தன.

"சின்னவ சொல்லிக் குட்த்துட்டுப் போனாளா? கெட்டிக்காரி" என்றார்.

ஆளே ஊரில் இல்லை! விரல் என்னுடையது, பேர் அவளுடையது. அன்றைக்கு நான் சோறே சரியாகச் சாப்பிடவில்லை. ஆவணியில் யார் எங்கே உட்காரப்போகிறார்கள் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மிச்ச நாளில் அவள் செய்யாத ஒன்றை நான் செய்து காட்டியாக வேண்டும்.

மத்தியானங்களில் கூட்டம் இருக்காது. லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் உதவிப் பக்கங்களைத் திறந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். ஒன்று தெரிந்தது. பெட்டி எழுந்திருக்கும்போது கடைசியாகப் படிக்கும் ஒரு ஃபைல் இருக்கிறது. அதில் எழுதிவைத்த எதையும் அது தானாகவே செய்துகொள்ளும். அந்த வரியை அதில் எழுதிவிட்டால் முடிந்தது கதை. யாரும் தினமும் வந்து தட்ட வேண்டாம்.

இதுகூடத் தெரியவில்லையே இந்த டிகிரிக்காரிக்கு! சிரிப்பாக வந்தது. முதல் பெட்டியில் எழுதி, அணைத்துப் போட்டேன். எழுந்தது, பறந்தது. இரண்டு, மூன்று, ஐந்து என்று மற்றவையும் அப்படியே. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நாலாம் நம்பர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அவளால் முடியாததை முடித்தால்தானே என் பேர் நிற்கும்?

அதிலும் எழுதினேன். எழும்போது சரியாக வந்துகொண்டே இருந்து, கடைசிக் கட்டத்தில் திரை முழுக்கப் பிழைச் செய்திகளாகக் கொட்ட ஆரம்பித்தது. எதைத் தட்டினாலும் அசையவில்லை. அணைத்துப் போட்டாலும் அதே இடத்தில் அதே கொட்டல். எழும்போதெல்லாம் அந்த வரியைப் படிக்கிறது, படித்ததும் விழுகிறது. அழிக்கலாம் என்றால் உள்ளேயே போக முடியவில்லை. அவள் திரும்பி வந்து, "நான்தான் வேணான்னு சொன்னேனேக்கா" என்று அந்த மெல்லிய குரலில் சொல்வது காதில் கேட்டது. அதைக் கேட்பதற்கு அடுப்படிக்கே போய்விடலாம்.

மறுபடியும் படித்தேன். பெட்டி எழும் முதல் நொடியில் 'லினக்ஸ் சிங்கிள்' என்று அடித்தால், அந்தக் கடைசி ஃபைலைத் தொடாமல் அரைகுறையாக எழும் என்று போட்டிருந்தது. அப்படியே உள்ளே போய் வரியை அழித்தேன். மூச்சு வந்தது. அப்புறம் வேகத்தைக் குறைத்து வேறு எண்கள் போட்டுப் பார்த்தேன், எதற்கும் மசியவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த வேலைக்கே வந்தேன். திருகைக் கழற்றி நாலாம் நம்பரையும் இரண்டாம் நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன்.

டிஸ்கிலிருந்து போர்டுக்குப் போகும் பட்டைக் கேபிளில்தான் வித்தியாசம். இரண்டாம் நம்பரில் கோடுகள் நெருக்கமாக, நைசாக இருந்தன. நாலாம் நம்பரில் பட்டை பட்டையாக, அகலமாக. அதற்கு மட்டும் டிஸ்கைப் புதுசாக மாற்றியபோது ரிப்பேர் கடைக்காரன் பழைய கேபிளையே மாட்டித் தந்திருக்கிறான். மெதுவாகப் போனால் தாங்கும், வேகமெடுத்தால் அந்தக் கேபிள் தகவலைச் சிதறடிக்கும். பரணில் செத்துக் கிடந்த ஒரு பெட்டியிலிருந்து நைசான கேபிளை உருவி, நீல முனை போர்டுக்கு என்று பார்த்து மாட்டினேன். வரியைத் திரும்ப எழுதினேன். நாலாம் நம்பர் எழுந்தது. ஒரு பிழை இல்லை. வேகத்தை அளந்தேன், மற்ற நாலையும்விடக் கூடுதல்!

அந்தச் சந்தோஷத்தை எங்கே போய்ச் சொல்வேன்? தனியாக அறைக்குள் நின்று கைதட்டினேன்.

ஆடி முடிந்து அவள் வந்தாள். பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. வீட்டுக்காரர், கொழுந்தன், மாமியார் எல்லாரையும் முன்னறைக்கு வரச்சொல்லி மெயின் ஸ்விட்சைப் போட்டேன். ஐந்து பெட்டிகளும் எழுந்தன. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"யாரும் ஒண்ணியும் அடிக்க வேணாமா?" என்றார் மாமியார்.

"வேணாம் அத்தே!"

"கரண்ட்டு போனாக்கூட?"

"போனாலும் வந்ததும் தானாவே ஓடும்."

"பச்சப்புள்ள பட்டனத் தட்னாலும் ஓடுமா?"

"யாரு தட்டினாலும் ஓடும்" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! அவள் மூஞ்சி தொங்கும் என்று திரும்பினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதி வெச்சிட்டீங்களாக்கா?"

"ஆமா. நாலாம் நம்பரும்."

"ம்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தோற்றவள் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே மாமியார் ஆவணித் தீர்ப்பைச் சொன்னார். கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் முடிந்து என் கொழுந்தன் வீட்டோடு இருந்த நேரம் அது.

"சின்னவன் சும்மாதான சுத்திகினு கீறான். கடைல அவன் குந்தட்டும். தானா ஓட்ற பொட்டிக்கு ஆளு எதுக்கு? நீங்க ரெண்டு பேரும் உள்ள வந்துடுங்க. ஒரு ஆளா என்னால முடியல, ரெண்டு கை கூட இருந்தா நல்லது."

"அத்தே, மெமரி அட்டையத் தேய்க்கணும்..." என்று இழுத்தேன்.

"அவனுக்குக் காமிச்சுக் குடு. ரப்பர் பிடிக்கத் தெரியாதா அவனுக்கு?"

என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். கொழுந்தன் என்னிடமே சாவியை வாங்கிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் முன்னறையிலிருந்து யாரோ "சார்" என்று கூப்பிடுவது கேட்டது.

அன்று காசிமேட்டு நெத்திலி. இரண்டு பேரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தோம். ஆத்திரம் தாங்காமல் நான்தான் வாயைத் திறந்தேன். "இவ்வளவு படிச்சியே, அந்த ஃபைல்ல எழுதி வெக்கலாம்னு உனக்குத் தெரியலையா?"

அவள் ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டாள்.

"மொத நாளே தெரியும்கா. ஒரு நிமிஷ வேல. எழுதி வெச்சிட்டா அப்புறம் அங்க நாம எதுக்குன்னு கேப்பாங்க. அதான் எழுதல. ஆடில நீங்க அடிக்கிறதயும் அத்த பாத்துட்டா, காலைல கடைல நான், சாயங்காலம் நீங்கன்னு ரெண்டு பேருமா போய்க் கேக்கலாம்னு இருந்தேன்."

முன்னறையில் ஐந்து பெட்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன. நான் கையிலிருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை, அழுகையும் வரவில்லை. அப்போதும் எனக்கு வந்தது பொறாமைதான். இது அவளுக்குத் தோன்றியிருக்கிறது, எனக்குத் தோன்றவில்லையே.