கட்டம் கட்டமாய் ஒரு கபடி

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சுத்துக்கேணியில் என் அக்கா வீட்டில், டிவிக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டு அரை மணி நேரம் கிடந்தேன். எதற்கு என்று கேட்கிறீர்களா? கபடி பார்க்கத்தான்!

அக்கா கஸ்தூரியின் மகள் பவித்ரா, கல்லூரி கபடி அணியில் ஆடுகிறாள். அன்று மதகடிப்பட்டில் ஃபைனல். கிட்டத்தில்தான். ஆனால், அப்பா அம்மா இருவருமே வரக்கூடாது என்று கட்டளை. காரணம் இருக்கிறது. செமி ஃபைனலில் மாமா கலியமூர்த்தி மைதானத்துக்குள்ளேயே இறங்கி நடுவரோடு மல்லுக்கு நின்றுவிட்டார்.

“நீங்க வந்தா நான் ஆடமாட்டேம்பா. வூட்லயே டிவில பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நேரடியாகக் காட்டியது லோக்கல் கேபிள் சேனல் ஒன்றுதான். அது வந்தால்தானே?

படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பவித்ராவின் தலை ஒரு கட்டத்தில், கால் இன்னொரு கட்டத்தில். குரல் விக்கி விக்கி வந்தது. ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினால், யோசித்து யோசித்து ஒரு நிமிஷம் கழித்து சத்தம் கூடியது.

“இன்னாடா இது, பொண்ணு ரெய்டு போனா… இன்னும் திரும்பியே வரலியே!” மாமா தவித்துப் போனார்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். ரிமோட் பேட்டரியைக் கழற்றி, பேன்ட்டில் தேய்த்துப் போட்டேன். செட் டாப் பாக்ஸுக்கு அக்கா பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள். எடுத்துப் பார்த்தால், தோசையே வார்க்கலாம், அத்தனை சூடு! உறையை உருவி, சுவிட்சை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டுப் போட்டேன். ரிமோட் சொன்னபேச்சு கேட்டது. படம் மட்டும் அப்படியே.

மெனுவுக்குள் போய்ப் பார்த்தேன். சிக்னல் கோடு சிவப்பில், நோஞ்சானாகக் கிடந்தது. ஆக, கோளாறு பாக்ஸில் இல்லை. ஒயரில்!

கேபிள்காரர் போனை எடுக்கவில்லை. அவரும் கபடி பார்க்கப் போயிருப்பார் போல. நானும் மாமாவும் ஒயரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தோம். கூரைக்குக் கீழே, சுவரில் சின்னதாக ஒரு இரும்புத் துண்டு – ஸ்பிளிட்டர். கம்பத்திலிருந்து வரும் ஒயர் ஒன்று உள்ளே, இரண்டு வெளியே. ஒன்று நம் வீட்டுக்கு. இன்னொன்று… முருங்கை மரத்தில் ஏறி, வேலியைத் தாண்டி, ஏழுமலை வீட்டுக்குள் போனது.

மாமாவுக்கும் பக்கத்து வீட்டு ஏழுமலைக்கும் வரப்புத் தகராறு. இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தையே இல்லை.

“கஸ்தூரி! இன்னாடி இது?”

அக்கா முந்தானையைத் திருகினாள். “கரும்பு லாரி அவங்க ஒயர அறுத்துட்டுப் பூடுச்சிங்க. கேபிள்காரரு நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன்றாரு. அவங்க பாக்ஸு சும்மா கெடந்துது. பாவம்னு நான்தான் நம்ம ஒயர்லேருந்து இழுக்கச் சொன்னேன். நீங்க சண்ட போட்டீங்க. நானும் அவரு சம்சாரம் சாந்தியுமா போட்டோம்?”

மாமா முகம் சிவந்துவிட்டது. “புடுங்குடா அத!” என்றார் என்னிடம்.

நான் என்ன செய்ய? ஸ்பிளிட்டரைக் கழற்றி, கம்பத்து ஒயரை நம் வீட்டு ஒயரோடு நேராக இணைத்தேன். உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தால் – படம் கண்ணாடி! பவித்ராவின் நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. ஆட்டம் முடிய ஐந்தே நிமிஷம். எதிரணி ஒரு பாயின்ட் முன்னால்.

அப்போது வேலிப் பக்கமிருந்து சாந்தியின் குரல்.

“கஸ்தூரிக்கா! படம் பூடுச்சிக்கா! நம்ம பவி ஆடிக்கினு கீறாக்கா! அவரு வேற தல மேல கைய வெச்சிக்கினு கத்துறாரு!”

நம்ம பவி!

அக்கா மாமாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வரச் சொல்லு” என்றார், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல். “ரெண்டு பேரையும்.”

சாந்தி ஓடி வந்தார். பின்னாலேயே ஏழுமலை. வாசலோடு நின்றுவிட்டார். அங்கிருந்தே எட்டி எட்டிப் பார்த்தார். வெளிச்சத்தை மறைத்தார்.

“மறைக்காதபா… உள்ள வந்து ஒக்காரு!”

இரண்டு வருஷத்துக்குப் பிறகு மாமா அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

கடைசி நிமிஷத்தில் பவித்ரா ஒரு பாயின்ட் எடுத்துச் சமன் செய்தாள். அடுத்து, எதிரணியின் கடைசி ரெய்டு. வந்தவள் திரும்பி ஓட, பவித்ரா பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். “வுடாத பவி, வுடாத!” – ஏழுமலை என் தோளைப் பிடித்துத் தொங்கினார். விசில்! ஜெயிச்சாச்சு! மாமா ஏழுமலையைக் கட்டிப்பிடித்தார். அக்காவும் சாந்தியும் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது, தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

என் ஊரான வில்லியனூருக்குக் கிளம்பலாம் என்று வண்டியை எடுத்தேன். உள்ளே பெரிய கூச்சல். அந்தக் கடைசி பாயின்ட்டில் எதிராளியின் கை நடுக்கோட்டைத் தொட்டதா, இல்லையா? மாமாவும் ஏழுமலையும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

“போய் விலக்கி விடட்டுமாக்கா?”

“கத்தட்டும் வுடுடா. பேசாம இருந்ததுக்கு இது எவ்ளோ தேவல!”