ஒரு நிமிடம் பழைய மணி

என் அப்பா ஞானசுந்தரம், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் என்ஜின் டிரைவர். மலாயாவை ஜப்பான்காரர் பிடித்திருந்த காலத்துக்குப் பிறகு அவர் என்ஜினைத் தொடவில்லை. திரிங்காப் என்ற ஊரில் முட்டைக்கோஸ் பயிரிட்டார். போன வாரம் அவரை அடக்கம் செய்தோம்.

1943இல் என்ஜினின் வேகத்தைத் தானாகச் சீராக்கும் கருவி உடைந்தது. மாற்றுச் சாமான் கிடையாது. அப்பா எண்ணெய்த் திருகைக் கையால் கூட்டிக் குறைத்தார். என்ஜின் அறை கீழே, இலை சுருட்டும் மெஷின் மேலே. மேலே நின்ற சிங்காரம் மாமா, ஒரு நிமிடத்துக்கு மெஷின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக் கயிற்றை இழுப்பார். வேகம் கூடினால் சின்ன மணி, குறைந்தால் பெரிய மணி. எத்தனை சுற்று பிசகோ அத்தனை அடி.

"டேய் ஞானம், உன் சர்ச்சுலகூட இத்தனை மணி அடிக்க மாட்டாங்கடா" என்பார்.

"அடிக்கிறத நிறுத்தாதலா. காது கேக்காட்டி உன் மாமியார கூட்டியாந்து கத்தச் சொல்லுவேன்."

இருவரும் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் குடியிருந்தவர்கள்.

ஐந்து முறை மணி அடித்தால் ஐந்து அளவு திருகினார் அப்பா; ஓர் அளவுக்கு ஒரு சுற்று மாறும். வேகம் ஏறியிறங்கியபடியே இருந்தது. அடங்கவில்லை, பெருகவும் இல்லை. இலை கெட்டது. ஜப்பான் அதிகாரி அப்பாவை அறைந்தார். அதன்பின் அப்பா ஐந்து அடிக்கு ஆறு அளவு திருகினார். ஏற்ற இறக்கம் முறைக்கு முறை பெரிதானது. என்ஜினை மெஷினோடு இணைத்த பெல்ட் அறுந்து சிங்காரம் மாமாவின் வலது கையில் விழுந்தது. மூன்று விரல்கள் போயின.

மாமா கம்போங் ராஜா என்ற ஊருக்குக் குடிபோனார். முப்பது வருடம் இருவரும் பேசவில்லை. "என் கைதான் கெடுத்துச்சு" என்பதற்கு மேல் அப்பா எங்களிடம் எதுவும் சொன்னதில்லை.

அடக்கத்துக்கு மாமா வந்தார். கோப்பியை இடது கையில் வாங்கினார்.

"பாப்பா, நான் எண்ணி முடிச்சு அடிக்கிறதுக்குள்ள சேதி ஒரு நிமிஷம் பழசாயிடும். எனக்குத் தெரியும். அரை நிமிஷம் எண்ணி அடிச்சிருக்கலாம். உங்கப்பன் அறை வாங்கினதே என்னாலதான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது?"

மணி தாமதம் என்பதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். நான் பொறியாளர். காகிதம் எடுத்தேன்.

அடுத்த நிமிடப் பிசகு என்பது, இந்த நிமிடப் பிசகிலிருந்து போன நிமிடப் பிசகின் 1.2 மடங்கை, அதாவது ஐந்துக்கு ஆறைக், கழித்தது. z² − z + 1.2 = 0. இரு மூலங்களும் கலப்பெண்கள், ஒன்றுக்கொன்று இணை. பெருக்குத்தொகை 1.2. எனவே இரண்டும் ஓரலகு வட்டத்துக்குச் சற்று வெளியே. உள்ளே இருந்தால் ஆட்டம் அடங்கும். வெளியே இருந்தால் பெருகும். அப்பா அறை வாங்குமுன், ஐந்துக்கு ஐந்து திருகியபோது, பெருக்குத்தொகை சரியாக 1, வட்டத்தின் மேலேயே. அதனால்தான் அடங்கவில்லை.

மணி தாமதிக்காதிருந்தால், ஆறு அளவு திருகியும் மூலம் −0.2. உள்ளே. தாமதம் இருந்தும் அப்பா அதில் பாதி திருகியிருந்தால் பெருக்குத்தொகை 0.6. உள்ளே.

"மாமா, உங்க மணி மட்டும்னா ஒண்ணும் ஆயிருக்காது. அப்பா கை மட்டும்னாலும் ஆயிருக்காது. ரெண்டும் சேந்ததாலதான்."

அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத நீ உங்கப்பன்கிட்ட சொல்லலையா?"

"அவரு அவரோட பாதியத்தான் சொன்னாரு மாமா. மணி பிந்துற கதை உங்ககிட்ட இருந்துச்சு."

கோப்பி ஆறிப்போயிருந்தது. அவர் குடிக்கவில்லை.

"நான் ஒருக்கா வந்திருந்தா போதும்லா" என்றார்.