இசைத்தட்டில் இல்லாத குரல்

எழுபதுகளில் எங்கள் தீவுப்பகுதியிலும் பொப் பாட்டென்றால் இளம் பெடியளுக்குப் பைத்தியம். நான் வேலணையில் படிப்பித்துக்கொண்டு, கிற்றாரில் மெட்டுப் போட்டு நானே எழுதிப் பாடிக்கொண்டிருந்தேன். பொங்கோ மேளம் அடிக்க ஒரு நண்பன் இருந்தான். பெண்குரல்தான் இல்லை.

ஊர்காவற்றுறைத் தேவாலயத்தில் பூசைக்குப் பாடுகிற ஒரு பெண்ணைப் போய்க் கேட்டேன். கடற்தொழில் செய்யும் குடும்பம். தாயார் கொஞ்சம் யோசித்தார்.

"ஆடத் தேவையில்லைத்தானே தம்பி?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சம்மதித்தார்.

என் புதுப் பாட்டில், கொழும்பில் கடை வைத்திருக்கும் புங்குடுதீவுக்காரர் ஒருவர், எப்போதாவது வீட்டுக்கு வருகிறார். அவருக்கும் மனைவிக்கும் நடக்கிற வாக்குவாதந்தான் பாட்டு. நான் மனைவியை அழவைத்து எழுதியிருந்தேன்.

"இவ ஏன் அழுறா? நானெண்டால் திருப்பிக் கேப்பன்" என்றாள் பாட வந்த பெண். மனைவியின் வரிகள் முழுவதையும் அவளே மாற்றினாள். "கடையைக் கட்டினியளோ, என்னைக் கட்டினியளோ?" என்று அவள் பாடியபோது தேவாலயப் பெருநாள் மேடைக்கு முன்னால் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. திரும்பவும் பாடச்சொல்லி விசிலடித்தார்கள்.

அடுத்த மாதம் அவளுக்குப் பேசியிருந்த கலியாணம் குழம்பியது. மாப்பிள்ளை வீட்டாருக்கு, மேடையில் ஆம்பிளைகளோடு பாடுகிற பிள்ளை வேண்டாமாம். கேள்விப்பட்டதும் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த தாயார் கை கழுவிவிட்டு எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். பிறகு திரும்பவும் மீன் வெட்டப் போனார். பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பினேன்.

இனி அவளைக் கூப்பிடக்கூடாது என்று அன்றே முடிவெடுத்தேன். அது அவளுக்குச் செய்கிற நன்மை என்றுதான் நினைத்தேன். பாட்டை இசைத்தட்டாக்கக் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தபோதும் அவளிடம் சொல்லவில்லை. அவளுடைய வரிகளை அங்கேயுள்ள பாடகி ஒருத்தி பாடினாள். வானொலியிலும் போட்டார்கள்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வர, பஸ் நிற்கிற இடத்தில் அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"கலியாணம் குழம்பினது உம்மாலை எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குத்தான் மனம் கேக்கேல்லை."

"பாட வந்தது நான். வரமாட்டன் எண்டு சொல்லியிருக்கலாம், சொல்லேல்லை. சம்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் எடுத்தினம், சரி. பாட்டை எடுத்தது ஆர்? என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீரோ?"

மன்னிக்கச் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"அடுத்த நிகழ்ச்சி எங்கை?"

"புளியங்கூடலிலை."

"வாறன்."

வந்தாள். நாங்கள் மேடையேறியதும், "றேடியோவிலை பாடினவ எங்கை?" என்று யாரோ கத்தினார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒலிவாங்கி என் முன்னால்தான் இருந்தது. இந்த வரிகள் இவவுடையவை என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? நான் கிற்றாரைத் தட்டத் தொடங்கினேன். அவள் பாடினாள், முன்பைவிட நன்றாக.

பிறகும் சில வருசம் எங்களோடு பாடினாள். மன்னாரில் கலியாணம் கட்டினாள். கலியாண வீட்டில் மாப்பிள்ளை அந்தப் பாட்டைப் பாடச்சொல்லிக் கேட்டபோது, எல்லாருக்கும் முன்னால் எழும்பி, "இந்தப் பாட்டிலை மனிசி கேக்கிறதெல்லாம் இவ எழுதினது" என்று சொன்னேன். மாப்பிள்ளை கைதட்டினார். அவளும் சிரித்தாள்.

ஆனால் அதைக் கேட்டது ஒரு வீட்டுச் சனம். இசைத்தட்டு ஊரெல்லாம் போய்விட்டது. அதில் எழுதியவர் என்று என் பெயர் மட்டுமே இருக்கிறது.