திறக்க மறுத்த கோப்புறை

மனைவி காலமான பின், மதுரை கே.கே. நகரில் தனியே வசித்து வருகிறேன். கணினியை நூல்களின் துணையால் நானே கற்றவன். எங்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். அதில் என்னோடு பேச இப்போது வீட்டில் எவருமில்லை. அவள் அம்மொழியில் பேசிய ஒலிப்பதிவுகள் மட்டும், கணினியில் அவளுடைய கணக்கில் இருந்தன.

சென்ற மாதம் கணினி மந்தமாகவே, இயங்குதளத்தை என் விருப்பப்படி அமைத்துப் புதிதாக நிறுவினேன். கோப்புகள் இருந்த பகுதியை அழிக்கவில்லை. ஆனால் என் பெயரில் மட்டுமே கணக்குத் தொடங்கினேன். பின்னர் அவளுடைய கோப்புறையைத் திறக்க முயன்றபோதெல்லாம் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றே வந்தது. அப்பதிவுகளுக்கு வேறு பிரதியும் கிடையாது. பதற்றத்தில், அனைத்தையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவ முற்பட்டேன். நல்லவேளையாக, அதற்கு முன், மதுரையை அடுத்த பரவையில் கணினி பழுதுபார்க்கும் முருகேசனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“அண்ணே, மொதல்ல கையை எடுங்க. ஃபைல் அம்புட்டும் அங்கனயேதான் இருக்கு. மதினி கணக்குக்குச் சொந்தமாக் கெடக்கு, அதான் உங்கள உள்ள விட மாட்டேங்குது. கேக்காம அவுக பொருள்ல கை வச்சா விடுவாகளா?” என்றார்.

அவர் சொல்லச் சொல்ல, கோப்புறையின் உரிமையை என் பெயருக்கு மாற்றினேன். திறந்தது. முதல் பதிவில், சோறு ஆறுகிறது, அந்தக் கணினிப் பெட்டியை மூடிவிட்டு வாருங்கள் என்று என்னைக் கடிந்துகொண்டிருந்தாள்.

இப்போது எந்த மாற்றத்துக்கும் முன் தனி வட்டில் பிரதி எடுத்துக்கொள்கிறேன். அனுமதி மறுக்கப்பட்டால், கோப்பு யாருக்கு உரியது என்று முதலில் பார்க்கிறேன். பழுதில்லாத நாள்களிலும் முருகேசனை அழைக்கிறேன். “இன்னைக்கு என்ன கோளாறுண்ணே?” என்பார். ஏதேனும் ஒன்றைச் சொல்லிவைப்பேன்.