எங்களுக்கு எதிராக எழுதிய மனு

கர்த்தர் எனக்குச் செய்ததைச் சபைப் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி குருவானவர் கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதினால் சிலருக்கு முகம் சுண்டிப்போகும் என்றேன். "எழுதும்மா, பாத்துக்கிடலாம்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

1980 ஜூலை மாதம். எனக்கு வயது இருபத்துநான்கு. மதுரையில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, தென்காசியில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். அப்பா இல்லை. அம்மாவும் நானும்தான். எங்கள் வளவில், அதே சுற்றுச்சுவருக்குள் இருந்த பின்வீட்டை, இலங்கையிலிருந்து திரும்பி வந்த மேரியம்மாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அவருடைய மகன் தங்கராஜுக்கும் எனக்கும் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தோம்.

பிரச்சினை இதுதான். மேரியம்மா இந்தியப் பிரஜை. மகன் இலங்கைப் பிரஜை. தாய்க்கும் மகனுக்கும் எப்படி இரண்டு நாடு என்று கேட்பீர்கள். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் எந்த நாடு வேண்டும் என்று மனுப் போட்டபோது, மேரியம்மா புருஷனோடு சேர்ந்து இந்தியா என்று எழுதினார். வயது வந்த மகன் தனியாக மனுப் போட வேண்டியிருந்தது. தொழிற்சாலை வேலை போய்விடும் என்று பயந்து, அவர் இலங்கை என்று எழுதினார். பிறகு புருஷன் இறந்துபோக, மேரியம்மா தனியாகக் கப்பல் ஏறி வந்தார். சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண். தாயைக் கவனிக்க மகன் பாஸ்போர்ட் எடுத்து வந்தார். ஒரு வருடம் தங்குவதற்குப் பெர்மிட் கொடுத்தார்கள். அது ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு முடிகிறது.

நீட்டிப்பு கேட்டு நாங்கள் இருவரும் ஜில்லா போலீஸ் அலுவலகத்தின் அயல்நாட்டார் பிரிவுக்குப் போனோம். காகிதங்களுக்கு வரிசை எண் போட்டு, நூல் கோத்துக் கொண்டுபோயிருந்தேன். அது என் பழக்கம். எழுத்தர் அதைப் பிரிக்கவே இல்லை.

"இந்தப் பொண்ணு ஒமக்கு யாரு?"

"கட்டிக்கப் போறவங்க சார்."

"போறவங்கன்னு ஃபாரத்துல ஒரு உறவும் இல்ல. பொஞ்சாதியா, இல்லையா?"

"இன்னும் இல்லைங்க சார்."

"பெறகு எதுக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நிக்கிய?" அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "கல்யாணச் சர்ட்டிபிகேட்டக் கொண்டா, பாப்போம். இல்லன்னா ராமேஸ்வரத்துல கப்பல் நிக்கு."

சர்ட்டிபிகேட்டுக்காகச் சபைக்கு வந்தேன். நம் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பு ஓலை வாசித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்க வேண்டும். மாப்பிள்ளை வெளிச்சபைக்காரர் என்றால் அந்தச் சபையின் கடிதம் வேண்டும். அல்லது அவர் ஆறு மாதமாவது நம் சபைக்கு ஒழுங்காக வந்தவராக இருக்க வேண்டும். இலங்கைக்கு இரண்டு கடிதம் போட்டோம். பதில் இல்லை. ஒழுங்காக வந்தார் என்று கையெழுத்துப் போடக் கமிட்டியில் ஒருவரும் முன்வரவில்லை. "மூணாவது ஓலைக்கு மாப்பிள்ளை இந்த நாட்டுல இருப்பானா? மொதல்ல பெர்மிட்டக் காட்டட்டும்" என்றார்கள்.

அன்று என் நோட்டில் எழுதியது இது. பெர்மிட்டுக்குக் கல்யாணம் வேண்டும். கல்யாணத்துக்கு ஓலை வேண்டும். ஓலைக்குப் பெர்மிட் வேண்டும். ரிஜிஸ்தர் கல்யாணத்துக்கு முப்பது நாள் நோட்டீஸ் வேண்டும். கையில் இருப்பது இருபத்திரண்டு நாள். ஏறி ஏறிப் புறப்பட்ட இடத்துக்கே வரும் படிக்கட்டை நான் வரைந்தால் முதலாளி கிழித்துப் போடுவார். இங்கே அதில்தான் எங்களை நடக்கச் சொன்னார்கள்.

கமிட்டியில் ஒருவரைச் செல்லத்துரை அண்ணாச்சி என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றியிருக்கிறேன், ஆளுக்குத் தெரியும். தன் மைத்துனர் மகனுக்கு என்னைக் கேட்டு, நான் வேண்டாம் என்று சொன்னதிலிருந்து அவருக்கு எங்களை ஆகாது. ஆராதனை முடிந்து எல்லாரும் நிற்கும்போதே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, நம்ம ஆளுவள்ல பையன்மாரு எத்தனை பேரு இருக்கானுவ. ஒனக்குக் கப்பல்ல வந்தவந்தான் கெடைச்சானா?"

அவர் மனைவியும் சேர்ந்துகொண்டார். "கப்பல்ல வந்தவன் கப்பல்ல போயிருவான். இவ கரையில நின்னு கைய ஆட்டட்டும்."

எங்கள் அம்மா அன்று முதல் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். போலீஸ்காரர் ஒருவர் என் வேலை இடத்துக்கு வந்து விசாரித்தார். முதலாளி நல்லவர்தான். ஆனாலும், "இது முடியுற வரைக்கும் லீவு போட்டுக்கிடும்மா. எனக்குக் காண்டிராக்டு போயிரும்" என்றார். சம்பளமில்லாத லீவு. தெருவில் பேச்சு நின்றது. நான் கடந்த பிறகு மறுபடி தொடங்கியது.

இதற்கு நடுவில் எங்கள் பக்கமும் ஒரு தப்பு இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். தங்கராஜ் வந்தபோது மேரியம்மா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சமையல் உதவிக்கு இருந்தார். சீசன் நேரம். அங்கேயே பின்னால் ஓர் அறை. போலீஸ் பதிவில் அந்த முகவரியைக் கொடுத்தார்கள். அக்டோபரில் சாரல் நின்றது, கூட்டம் போனது, லாட்ஜில் ஆளைக் குறைத்தார்கள். தாயும் மகனும் தென்காசிக்கு எங்கள் வளவுக்கு வந்துவிட்டார்கள். முகவரி மாறியதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நமக்குக் குற்றாலம் என்ன வேற்றூரா? காலையில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு திரும்புகிற தூரம். எதையும் எழுதி வைக்கிற நானே அதை விட்டுவிட்டேன்.

விசாரணைக்குப் போன போலீஸ்காரர் லாட்ஜில் கேட்டார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். உடனே நோட்டீஸ் வந்தது. பதிந்த இடத்தில் பத்து மாதமாக ஆள் இல்லை, இருப்பிடம் மறைத்ததற்கு வழக்குப் போட்டு நாட்டை விட்டு அனுப்ப ஏன் கூடாது, நேரில் வந்து சொல்லவும் என்று.

அதே வாரம் குருவானவர் என்னை அழைத்து ஒரு நகலைக் காட்டினார். செல்லத்துரை அண்ணாச்சியும் இன்னும் இரண்டு சபையாரும் போலீஸுக்குக் கையெழுத்திட்டு அனுப்பிய மனு. ஓலை வாசிக்கக் கூடாது என்று சபைக்கும் ஒரு பிரதி. மூன்று பக்கம். முதல் பக்கத்தில், கல்யாணம் ஆகாமல் ஒரே வளவில் குடியிருக்கிறார்கள் என்ற வரியைப் பார்த்ததும் மேலே வாசிக்க முடியாமல் மடித்துக் கொடுத்துவிட்டேன். ஒரே வளவுதான். நடுவில் கிணறும், இரண்டு தாய்மாரும், இரண்டு தாழ்ப்பாளும் இருந்ததை அவர்கள் எழுதவில்லை.

நான் அழுகிறவள் இல்லை. செவ்வாய்க்கிழமை மதியம் ஆளில்லாத கோயிலில் போய் உட்கார்ந்தேன். கர்த்தருக்கும் பட்டியல்தான் போட்டேன். பழைய முகவரி விஷயம் பெரிதாகக் கூடாது. அதிகாரி மனம் இளக வேண்டும். இலங்கையிலிருந்து கடிதம் வர வேண்டும். அந்த மனு தொலைந்துபோக வேண்டும். அண்ணாச்சியின் வாய் அடைபட வேண்டும். ஐந்தையும் சொல்லி முடித்தேன். பிறகு சொல்ல ஒன்றும் இல்லை. தங்கராஜ் போய்விட்டால் மேரியம்மாவின் காலுக்குக் கட்டுப் போட யார், நான் யாரோடு வாழ்வேன் என்பது மட்டும் நெஞ்சில் நின்றது. "ஆண்டவரே, எனக்கு வழி தெரியவில்லை" என்றேன். இருபத்துநான்கு வருடத்தில் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. கண்ணீர் வந்தது. வெளியே பெய்துகொண்டிருந்த மழை விட்டபோது எழுந்து வீட்டுக்குப் போனேன்.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது விசாரணை. இந்த முறை மேலதிகாரி. அவரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"குத்தாலத்துல எழுத்து இருக்கு, ஆளக் காணும். தென்காசியில ஆளு இருக்கு, எழுத்தக் காணும். பத்து மாசம் எங்கவே ஒளிஞ்சிருந்தீரு?"

"ஒளியலைங்க சார். அம்மாவோடதான் இருந்தேன்."

நான் குறுக்கே பேசினேன். "சார், குத்தாலமும் தென்காசியும் ஒண்ணுதான சார்."

"ஒனக்கு ஒண்ணும்மா. எனக்கு ரெண்டு ஸ்டேஷன். தென்காசியில இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?"

என் காகிதக் கட்டைப் பிரித்தேன். வாடகை ரசீது மேரியம்மா பேரில். ஆஸ்பத்திரிச் சீட்டு மேரியம்மா பேரில். ரேஷன் அட்டை மேரியம்மா பேரில். பதினான்கு காகிதம். ஒன்றில்கூடத் தங்கராஜ் என்ற பெயர் இல்லை. அதிகாரி கட்டை என் பக்கமே தள்ளிவிட்டு, தன் கோப்பைப் புரட்டினார். ஓர் இடத்தில் நின்றார்.

"செல்லத்துரைங்கது யாரு? ஒங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல சார். அவருக்கு எங்கள ஆகாது."

"நல்லா ஆகாதா?"

"நல்லா ஆகாது சார்."

அவர் எழுத்தரைக் கூப்பிட்டு, உரக்க வாசித்தார். நான் வாசிக்காமல் மடித்த பக்கங்கள். "மேற்படி அயல்நாட்டான் சென்ற ஆண்டு அக்டோபர் முதல் தென்காசியில் மேற்படி வளவில் ஒரு நாளும் தவறாமல் தங்கி, தினம் காலை ஒன்பது மணிக்குத் தாயைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், பதினொன்றரைக்குத் திரும்பி, ஞாயிறுதோறும் கோயிலில் மூன்றாவது வரிசையில் துணிகரமாக உட்கார்ந்து பாட்டுப் பாடி..."

எழுத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரிக்கு வரவில்லை. "நாம ரெண்டு கான்ஸ்டபிளப் போட்டிருந்தாலும் இப்பிடிப் பாத்திருக்க மாட்டானுவ. ஆகாதவன் மூணு பேரு கையெழுத்துப் போட்டுச் சொல்லுதான், இந்த ஆளு ஊர விட்டு அசையலன்னு. ஒளிஞ்சவன் மூணாவது வரிசையில ஒக்காந்து பாடுவானா வே?"

எழுத்தர், "இல்ல சார்" என்றார்.

முகவரி தெரிவிக்காததற்கு அதிகாரி எங்களைக் கால் மணி நேரம் திட்டினார். அது நியாயம். தங்கராஜைக் கொண்டே புது முகவரி எழுதி வாங்கினார். பிறகு முத்திரை குத்தினார். "மூணு மாசம். கல்யாணத்த முடிச்சிட்டுச் சர்ட்டிபிகேட்டோட வாரும். முடிக்கலன்னா கப்பல்தான்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். தங்கராஜ், "அந்த அண்ணாச்சி என் சைக்கிளுக்கு மணிகூடப் பார்த்திருக்காருங்க" என்றார். அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்த மனு தொலைய வேண்டும் என்று நான் கேட்டேன். தொலைந்திருந்தால் தங்கராஜ் கப்பலில் போயிருப்பார். அந்த வாய் அடைபட வேண்டும் என்று கேட்டேன். அடைபட்டிருந்தால் எங்களுக்குச் சாட்சி சொல்ல ஒரு வாயும் இருந்திருக்காது. நான் கேட்டதைக் கொடுக்காமல், எனக்கு வேண்டியதைக் கர்த்தர் கொடுத்தார்.

அடுத்த கமிட்டியில் குருவானவர் அந்தப் பிரதியை மேசைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, ஞாயிறுதோறும் வந்தாருன்னு எழுதியிருக்கீங்களே, நெசமா, பொய்யா?"

"நெசந்தான். நான் எதுக்குப் பொய் எழுதுதேன்?"

"அப்ப ஆறு மாசத்துக்கு மேலயே நம்ம சபையாரு. பெர்மிட்டும் வந்தாச்சு. வேற கடிதம் என்னத்துக்கு?"

செப்டம்பரில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். மூன்றாவது முறை, தடை உண்டா என்று கேட்டதும் அண்ணாச்சி இருமினார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வெறும் இருமல்தான். அக்டோபரில் கல்யாணம். எங்கள் அம்மா முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். சர்ட்டிபிகேட்டைக் காட்டியதும் அதே எழுத்தர், "இப்பம் உறவு வந்துட்டுல்லா" என்று சொல்லி ஒரு வருடத்துக்கு எழுதினார். வருடா வருடம் போகிறோம். இன்றுவரை ஒரு தடையும் இல்லை.

மாறியது என்ன என்று கேட்டால், நான் இன்னும் பட்டியல் போடுகிறேன். ஆனால் ஜெபத்தில் போடுவதில்லை. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் குற்றாலத்திலும் கடையத்திலும் இருக்கின்றன. அவர்களுக்குப் படிவம் எழுதிக் கொடுக்கிறேன். வீடு மாறினால் அன்றைக்கே ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மனுவில் கையெழுத்திட்ட மூவரும் இதை வாசிப்பீர்கள். உங்களை முழுதாக மன்னித்துவிட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். அதற்காகவும் ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றி மட்டும் உங்களுக்கு இல்லை. அது கர்த்தருக்கு.

மற்ற சகோதர சகோதரிகளே, எல்லாக் கதவும் ஒன்றையொன்று பார்த்துச் சாத்திக்கொண்ட நிலையில் உங்களில் யாராவது இருக்கலாம். தைரியமாகக் கேளுங்கள், உதவி வரும். எந்தக் கையால் அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.