கேற்றைப் பார்த்து நிற்கும் ஜீப்

பழைய ஜீப் ஒன்று வாங்க வேண்டும் என்று சொன்னது நான் இல்லை, என் மனைவி. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கல்முனையில் என்னைத் தெரிந்தவர்கள் வேறு மாதிரித்தான் கதைக்கிறார்கள். வயது போன காலத்தில் மனிசனுக்கு ஷோக்குப் பிடித்துவிட்டது, ஆணியும் பெயின்ட் வாளியும் விற்கிறவருக்கு நாலு சில்லும் இழுக்கிற ஜீப் எதற்கு என்று தேநீர்க் கடையில் ஒரே சிரிப்பு. எதற்கு என்று நானும்தான் அவளிடம் கேட்டேன்.

"மகளும் புள்ளையும் இந்த வீட்டில இருக்கணுமெண்டா வாசல்ல ஒரு வண்டி நிக்கணும். உசரமான வண்டி. இல்லாட்டி அவள இஞ்ச படுக்க விடமாட்டன்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நானும் அப்படி வந்தவன்தான். கடற்கரைக்கு நாலு வளவு தள்ளியிருக்கும் இந்த வீடு என் மனைவியின் சீதனம். சுனாமி அதை அடித்துக்கொண்டு போனபின் அதே அத்திவாரத்தில் மறுபடி கட்டினோம். வேறு இடம் பார்க்கலாம் என்று எத்தனையோ பேர் சொல்லியும் அவள் அசையவில்லை. போன வருசம் மகளுக்குக் கல்யாணமானபோது வீட்டை மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாங்கள் பின்னறைக்கு மாறினோம். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பேரப்பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றைக்குத்தான் மனைவிக்குப் பயம் திரும்ப ஏறியது. தாயையும் பிள்ளையையும் கடலுக்கு எட்டாத வயல் பக்கம், சவளக்கடையில் இருக்கும் தன் கூடப்பிறந்த ராத்தாவின் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மருமகன் சில நாட்கள் மோட்டார் சைக்கிளில் அங்கேயும் இங்கேயும் அலைந்தார். பிறகு அவர் முகம் கறுக்கத் தொடங்கியது. இப்படியே விட்டால் மகளின் குடும்பம் குழம்பிவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

"அப்ப ஒரு வேனைப் பார்ப்பமே" என்றேன்.

"எல்லாரும் ஒரே நேரம் ஓடினா ரோட்டு அடைபட்டுப் போகும். வயலுக்குள்ளால போற வண்டி வேணும். நிறையப் பேர் ஏறக்கூடியதா இருக்கணும்."

அவள் இதை நேற்று இன்று யோசிக்கவில்லை.

சுனாமி வந்த அந்த நாளைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் சந்தையில் நின்றேன். அவள் பிறந்து நாற்பது நாள் முடியாத மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் மூத்தவனை, ஏழு வயது மகனை, கையில் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறாள். ஆட்கள் நிறைந்த ஒரு வேன் வேகத்தைக் குறைத்தது. உள்ளே இருந்தவர்கள் அவளையும் குழந்தையையும் இழுத்து ஏற்றினார்கள். மகனைத் தூக்க அவள் கையை நீட்டியபோது வேன் ஓடத் தொடங்கிவிட்டது. "நில்லுங்க, இன்னும் ஒராள்" என்று அவள் கத்தியது எல்லாருக்கும் கேட்டிருக்கும். பின்னால் வந்த தண்ணீரும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அந்த டிரைவரை நான் குறை சொல்வதில்லை. அவருடைய பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். அடக்கம் செய்ய எங்கள் மகனின் ஜனாசாகூடக் கிடைக்கவில்லை.

அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்த வருசங்களுக்குப் பிறகு புதிய ஜீப்புகள் ஆனை விலை குதிரை விலை. தொண்ணூறுகளில் வந்ததுதான் எங்கள் கைக்கு எட்டும், ஊர் கராஜில் திருத்தவும் முடியும். ஆனால் எங்கள் கரையில் அந்தக் காலத்து வண்டியைப் பார்க்கப் போகிறவன் முதலில் எஞ்சினைப் பார்ப்பதில்லை. கடலைத்தான் தேடுவான். கால்விரிப்பைக் கிளப்பி மணல் இருக்கிறதா, சீற்றைப் பிடித்திருக்கும் நட்டுகள் உப்புத் துரு பிடித்திருக்கின்றனவா, லைற்றுக்குள் வெள்ளைக் கோடு படிந்திருக்கிறதா என்று மாட்டுக்குப் பல்லுப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். காரைதீவில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் நல்ல ஜீப் ஒன்று நின்றது. நான் குனிந்து தடவத் தொடங்கியதுமே மனிசன் சொல்லிவிட்டார்.

"ஓம் தம்பி, அண்டைக்குக் கடல் இதையும்தான் கொண்டு போச்சு. மறைக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

அந்த நேர்மைக்காகவே வாங்கியிருக்கலாம். வீட்டில் வந்து சொன்னேன். "கடல் கண்ட வண்டி என்ட வாசலுக்கு வரப்படாது" என்று முடித்துவிட்டாள்.

கடைசியில் ஒரு புரோக்கர் வந்து சேர்ந்தான். அவனுக்கு வாயில் தேன், கையில் போன், இரண்டும் ஓய்வதில்லை. "காக்கா, கண்டிப் பக்கம் மலையில ஓடின வண்டி. கடலைக் கண்ணாலயும் கண்டதில்ல, வல்லாஹி!" என்றான். அல்லாஹ்வை இவ்வளவு மலிவாக இழுக்கிறவனை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் போனேன். கால்விரிப்பைக் கிளப்பினேன், நட்டுகளைத் தட்டினேன், லைற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். மழை பெய்து ஊறியிருந்த சவளக்கடை வயல் பாதையில் சின்னக் கியரைப் போட்டு ஓட்டினேன். உழவு இயந்திரம் புதைகிற இடத்தில் அது முனகிக்கொண்டு ஏறிப் போனது. எனக்கு ஒரு திமிரே வந்துவிட்டது. வாங்கினேன்.

ஜீப் வளவுக்குள் வந்ததும் அவள் போட்ட முதல் சட்டம், மூக்கு கேற்றைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது. ஒவ்வொரு நாளும் அதை ரிவேர்ஸில் கொண்டுவந்து திருப்பி விட வேண்டும். இரண்டாவது சட்டம், டீசல் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. நான் புறுபுறுத்தேன், ஆனாலும் செய்தேன். மகளும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். மருமகன் மறுபடி சிரித்துக் கதைத்தார். வாப்பா நல்ல வேலை செஞ்சிருக்கீங்க என்று மகள் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிள்ளைக்கு ஊசி போடக் கொண்டு போன நாள் அது. மனைவி நடுச்சீற்றில் ஏறி, பிள்ளையின் கைத்தொட்டிலைச் சீற்றோடு சேர்த்துக் கட்டுவதற்காகப் பெல்ட்டை இழுத்தாள். அந்தப் பெல்ட்டை யாரும் பாவித்தது கிடையாது. தொட்டிலைச் சுற்றி வர நீளம் போதாமல் அவள் மேலும் இழுக்க, வெளியே இருந்த சாம்பல் நிறம் முடிந்து உள்ளே சுருண்டு கிடந்த பகுதி வந்தது. மண்ணிறமாக, கருவாட்டுத் தோல் போல விறைத்திருந்தது. அவள் மடியில் மணல் கொட்டியது. கொஞ்சம்தான். அவள் அதை விரலில் எடுத்து உரசிப் பார்த்தாள்.

"இது ஆத்து மண் இல்ல" என்றாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். நான் இறங்கி நின்று புரோக்கருக்குப் போன் எடுத்துக் கத்தினேன். "காக்கா, எனக்குச் சொன்னதத்தானே நான் உங்களுக்குச் சொன்னன்" என்று அவன் குழைந்தான். இன்றைக்கே வண்டியைக் கொண்டுவந்து உன் வாசலில் விடுகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் ஜன்னலால் எட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க. இதுவும் அண்டைக்குப் பட்டதுதானே."

மகளை மறுபடி சவளக்கடைக்கு அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. அந்தப் பெல்ட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிட்டாள். அஸர் தொழுத பிறகு தஸ்பீஹ் மணியோடு ஜீப்புக்குள் போய் நடுச்சீற்றில் உட்காரத் தொடங்கினாள். தேநீரை அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கிக் குடிப்பாள். பயப்படுகிற மனைவியோடு இருந்து எனக்குப் பழக்கம். அந்த வண்டிக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறவளைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. இவளுக்குப் பாதுகாப்பு என்று நான் எதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடல் உள்வாங்கிவிட்டது என்று ஊர் கலைந்த அந்தப் பின்னேரத்தைச் சொல்லி முடிக்கிறேன். கடல் வரவில்லை, யாரோ கிளப்பிவிட்ட வதந்தி. ஆனால் அந்த நேரம் அது எங்களுக்குத் தெரியாது. பள்ளிவாசல் பக்கமிருந்து சனம் ஓடி வந்தது. மருமகன் வேலைக்குப் போயிருந்தார். நான் ஜீப்பை ஸ்டார்ட் பண்ண, மகள் பிள்ளையோடு முன்னால் ஏறினாள். மனைவி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த வளவுப் பெண்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் ஏற்றினாள். யாரையும் விடவில்லை. மடிக்கு மேல் மடியாக ஏற்றினாள். கடைசியாகத் தானும் ஏறினாள். நான் கியரைப் போட்டேன்.

"நில்லுங்க" என்றாள். "இன்னும் ஒராள்."

மகள் திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும் ஏறிட்டாங்க உம்மா. இன்னும் ஆரு?"

கதவு திறந்தபடி இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அந்த நெரிசலுக்குள்ளும் தனக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடத்தை யாரும் இருக்கவிடாமல் வைத்திருந்தாள். ஒரு கை வெளியே நீண்டிருந்தது. வெறும் ரோட்டைப் பார்த்து, உள்ளங்கையை மேலே விரித்து நீட்டியிருந்தாள்.

எதற்கெடுத்தாலும் கத்துகிறவன் நான். பிள்ளைகள் அழுதார்கள், பெண்கள் கலிமாச் சொன்னார்கள், பின்னால் கடல். ஆனால் கதவைச் சாத்து என்று என்னால் சொல்ல முடியவில்லை. கியரை எடுத்துவிட்டு, பிரேக்கை மிதித்தபடி நின்றேன். அன்றைக்கு அந்த வேனுக்கு நிற்க முடியவில்லை. என்னால் நிற்க முடியும் என்று இருந்தது.

பிறகு அவளே கையை உள்ளே எடுத்தாள். கதவைச் சாத்தினாள். "சரி, போங்க" என்றாள்.